அடங்காத பிள்ளையா, அறியாத சமுதாயமா?

(கொஸ்லந்தவில் தோட்டத் தொழிலாளரும் விவசாயிகளும் ஆசிரியரும் கூடிய பெற்றோர் கூட்டமொன்றில் சட்டத்தரணி ஒருவர் ஆற்றிய சொற்பொழிவு)



கொஸ்லந்த மண்ணில் நான் பேசுவது இது முதன்முறையன்று. சம்பளத்துக்காகப் பேசியிருக்கிறேன், காணி உரிமைக்காகப் பேசியிருக்கிறேன், வாக்குக் கேட்டும் வந்திருக்கிறேன், அதை மறைப்பானேன்! இன்று தேர்தலும் இல்லை, வேலைநிறுத்தமும் இல்லை. பின் ஏன் வந்தான் இவன் என்று பின்வரிசையில் இருப்போர் எண்ணக்கூடும். ஒரு பிள்ளையைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். அப்பிள்ளை உங்கள் லயத்தில் இருக்கிறான். என் வீட்டிலும் இருக்கிறான்.

இவ்வூரில் பிள்ளைகளையும் பள்ளிக்கூடத்தையும் பற்றிப் பேசும் எவரும் மீரியாபெத்தையை நினையாமல் பேச முடியாது. 2014ஆம் ஆண்டு அக்டோபர் 29ஆம் நாள் காலையிலே மலை சரிந்து லயங்களை மூடியபோது, பள்ளிக்குப் புறப்பட்டுப் போயிருந்த பிள்ளைகள் பிழைத்தார்கள். பெற்றோரை மண் கொண்டது. பிள்ளைகளைப் பள்ளிக்கூடம் காத்தது. அன்றிரவு ஊர் மக்கள் ஒதுங்கிய இடங்களும் பள்ளிக்கூடங்களே. ஸ்ரீ கணேசா வித்தியாலயத்திலும் பூனாகலைப் பாடசாலையிலும் பாய் விரித்துப் படுத்தவர்கள் இச்சபையில் இருக்கிறீர்கள். நமக்குப் பள்ளிக்கூடம் எழுத்துப் படிக்கும் இடம் மாத்திரமன்று என்பதை வேறு எந்த ஊருக்கும் விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கலாம். கொஸ்லந்தவுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

அத்தகைய பள்ளிக்கூடம் 2020 மார்ச் 13ஆம் நாள் மூடப்பட்டது. கொரோனா என்னும் கொள்ளை நோய் வந்தது. ஒரு வாரத்தில் ஊரடங்கும் வந்தது. ஜூலையில் படிப்படியாகத் திறந்தார்கள், அக்டோபரில் மூடினார்கள், மறுபடி திறந்து, 2021 ஏப்ரல் இறுதியில் மறுபடி மூடினார்கள். 200 பிள்ளைகளுக்குக் குறைந்த ஆரம்பப் பாடசாலைகள் திறந்த நாள் 2021 அக்டோபர் 21. மூச்சு விடுமுன் 2022 பிறந்தது. எரிபொருள் இல்லாமல் அவ்வாண்டு ஜூனிலும் ஜூலையிலும் பள்ளிகள் மீண்டும் பூட்டப்பட்டன. உலகம் முழுவதும் 190க்கும் அதிகமான நாடுகளில் ஏறக்குறைய 160 கோடி மாணவர் இத்துயரை அனுபவித்தனர் என ஐக்கிய நாடுகள் சபை கூறிற்று. நோயைத் தடுக்க மூடியதை நான் குறை கூறவில்லை. மூடியபின் உள்ளே இருந்த பிள்ளைக்கு என்ன நேர்ந்தது என்று எவரும் கேளாததையே குறை கூறுகிறேன்.

கொழும்பிலே பத்திரிகைகள் எழுதின: பெற்றோர் வீட்டிலிருந்தே வேலை செய்கிறார்கள், பிள்ளைகளோடு பொழுது போக்க நல்வாய்ப்பு என்று! கொழுந்தை வீட்டிலிருந்து பறிக்க முடியுமா, தோழர்களே? நாடு முழுவதும் ஊரடங்கில் இருந்தபோது தேயிலைத் தோட்டத்துக்கு விலக்கு அளித்தார்கள். தாய் கூடையைத் தூக்கிக்கொண்டு மலைக்குப் போனாள். வெலிமடையிலும் ஊவா பரணகமவிலும் விவசாயி தோட்டத்து மரக்கறியைச் சந்தைக்கு அனுப்ப வழியின்றி நின்றான். கொழும்புக் கடைகளில் வேலை செய்த இளைஞர் வேலையிழந்து லயத்துக்குத் திரும்பினார்கள். 10 அடிக்கு 12 அடிக் காம்பராவில் பாட்டன், பாட்டி, மாமன், கைக்குழந்தை, கூடவே ஒரு கைத்தொலைபேசி! மூன்று பிள்ளைகளுக்கு அந்த ஒன்றுதான். அதையும் வாங்கத் தாலிக்கொடியை அடகு வைத்த தாய்மாரை நான் அறிவேன்.

அந்தக் காம்பராவில் ஒரு பிள்ளையை நினைத்துப் பாருங்கள். எட்டு வயது. ஒரு வேலையைத் தொடங்குவான், முடிக்கமாட்டான். தண்ணீர் எடுத்துவரச் சொன்னால் வாளியோடு பீலியடிக்குப் போவான். வாளி அங்கேயே இருக்கும், இவன் கொய்யா மரத்தில் இருப்பான். கேள்வி முடியுமுன் பதில் சொல்வான். செருப்பு, பென்சில், சட்டை, எல்லாம் தொலையும். உட்கார்ந்தால் காலாடும், எழுந்தால் காற்றாவான். பாட்டி அவனைச் சனியன் என்பாள். அடுத்த காம்பராக்காரர் "பிள்ளை வளர்த்த இலட்சணம்!" என்று தாயைப் பார்த்துச் சொல்வார். தகப்பன் கம்பை எடுப்பான். இதுதான் நமது வழக்கமான தீர்ப்பு. விசாரணை இல்லாத தீர்ப்பு!

தீர்ப்பளித்தவர்களில் நானும் ஒருவன். நீதிமன்றங்கள் மூடப்பட்டிருந்த அந்த 2020 ஏப்ரலில், என் மகனுக்கு நானே பாடஞ் சொல்லிக் கொடுக்கத் துணிந்தேன். ஏழாம் வாய்பாடு. ஒரே வரியை ஆறு தடவை சொன்னேன். ஆறாவது தடவையும் அவன் ஜன்னலுக்கு வெளியே மைனாவைப் பார்த்துக்கொண்டிருந்தான். அடிமட்டத்தால் கையில் அடித்தேன். அவன் அழவில்லை. "கேட்டுக்கொண்டுதான் இருந்தேன் அப்பா, எப்ப விட்டுப் போனதென்று தெரியவில்லை" என்றான்.

இருபது ஆண்டுகளாக வழக்காடுகிறவன் நான். குற்றமென்றால் குற்றஞ் செய்யும் எண்ணம் வேண்டும் என்பது சட்டக் கல்லூரியில் நுழைந்த முதல் மாதத்திலே எனக்குக் கற்பித்த பாடம். திருடனுக்காக எழுந்து நின்று, "என் கட்சிக்காரருக்கு அந்த எண்ணம் இல்லை, கனம் நீதவான் அவர்களே" என்று வாதாடியிருக்கிறேன். என் மகனுக்காக அந்த வாதத்தை எடுத்துரைக்க வீட்டில் ஒரு சட்டத்தரணி இருக்கவில்லை!

நிற்க. அம்மகனை மருத்துவரிடம் கொண்டுபோன பிறகு நான் கற்றதை உங்களுக்குச் சொல்கிறேன். நான் மருத்துவன் அல்லன். நோயை அறியும் பொறுப்பு அவர்களுடையது. அறிந்ததை ஊருக்குச் சொல்லும் பொறுப்பு நம்முடையது.

இதற்குக் கவனக்குறைவு மிகையியக்கக் கோளாறு என்று பெயர், ஏ.டி.எச்.டி. என்று சுருக்கமாகச் சொல்வார்கள். உலகிலே நூறு பிள்ளைகளுக்கு ஐவர் அளவில் இதற்கு ஆட்பட்டிருக்கிறார்கள் என்பது மருத்துவ நூல்களின் பொதுவான கணிப்பு. நாற்பது பிள்ளைகள் உள்ள வகுப்பில் இருவர் என்று கொள்ளுங்கள். இது பெரும்பாலும் பரம்பரையாக வருவது. தாயின் வளர்ப்பினால் வருவதன்று. சீனி தின்பதனால் வருவதுமன்று. முற்பிறப்புப் பாவமும் அன்று. மூளையிலே கவனத்தைப் பிடித்து நிறுத்துகின்ற, அவசரத்தை அடக்குகின்ற ஆற்றல் வயதுக்கேற்ப முதிராமல் பிந்துகிறது. அறிவு குறைந்த பிள்ளை என்று எண்ணிவிடாதீர்கள். வானொலிப் பெட்டியைக் கழற்றிப் பூட்டுகிற பையன் இரண்டு வரி எழுத மாட்டாமல் தவிப்பதை நீங்களே கண்டிருப்பீர்கள்.

மருத்துவ உலகமும் இதை ஒரே நாளில் உணர்ந்துவிடவில்லை. 1902ஆம் ஆண்டு இலண்டனில் ஜார்ஜ் ஸ்டில் என்னும் குழந்தை மருத்துவர் இத்தகைய பிள்ளைகளைப் பற்றி மூன்று சொற்பொழிவுகள் ஆற்றினார். அறிவு நன்றாயிருந்தும் தம்மை அடக்கமாட்டாத பிள்ளைகள் என விவரித்த அவரே, அதை ஒழுக்கக் கட்டுப்பாட்டின் குறைபாடு என்று குறித்தார். பாருங்கள், மருத்துவரின் வாயிலும் நீதிமன்ற மொழி! முதல் உலக யுத்த காலத்தில் மூளையழற்சி நோயொன்று உலகெங்கும் பரவிற்று. அதில் பிழைத்த பிள்ளைகள் பலர் அதற்கு முன்னில்லாத அமைதியின்மையோடு எழுந்தார்கள். நேற்றுவரை நல்ல பிள்ளையாயிருந்தவன் நோய்க்குப் பின் இப்படியானான் என்றால் இது ஒழுக்கக் கேடாக இருக்க முடியுமா என்ற ஐயம் அப்போது பிறந்தது. அமெரிக்காவிலே, மூளையழற்சியால் தங்கள் மகள் முடங்கிய துயரைக் கண்ட பெற்றோர் விட்டுச்சென்ற செல்வத்தைக் கொண்டு, ரோட் ஐலண்ட் மாநிலத்தில் 1931இல் பிள்ளைகளுக்கென்றே ஓர் உளநல மருத்துவமனை திறக்கப்பட்டது. அங்கே 1937இல் சார்ள்ஸ் பிராட்லி என்ற மருத்துவர், தலைவலிக்குக் கொடுத்த மருந்து சில பிள்ளைகளைப் பாடத்தில் அமர வைத்ததைக் கண்டார். இன்று இக்கோளாறுக்குத் தரப்படும் மருந்துகளின் கதை அங்கிருந்து தொடங்குகிறது. பெற்றோரின் துயரத்தில் பிறந்த மருத்துவமனையில் அது நடந்தது என்பதை நான் மறக்க விரும்பவில்லை.

ஆனால் ஓர் எச்சரிக்கை. குறும்பு செய்கின்ற பிள்ளை எல்லாம் இக்கோளாறு உடையது என்று இக்கூட்டத்திலிருந்து எவரும் எழுந்து போகவேண்டாம். பன்னிரண்டு வயதுக்கு முன்னே தொடங்கியிருக்க வேண்டும். ஆறு மாதமேனும் நீடித்திருக்க வேண்டும். வீட்டிலும் பள்ளியிலுமாக ஓரிடத்துக்கு மேற்பட்டுத் தோன்ற வேண்டும். அதற்கு முன் வேறு சிலவற்றைப் பார்க்க வேண்டும். இரத்தச் சோகை உள்ள பிள்ளை சோர்ந்து போகும், பாடத்தில் மனம் நில்லாது. தோட்டத்தில் இரத்தச் சோகை அரிதா? காது மந்தமான பிள்ளை கட்டளையைக் கேளாது. நாம் கீழ்ப்படியாமை என்போம். கரும்பலகை தெரியாத பிள்ளை பக்கத்துப் பையனோடு பேசும். இரவு முழுதும் ஒரே காம்பராவில் தொலைக்காட்சி ஓடினால், தூங்காத பிள்ளை பகலில் எரிந்து விழும். இங்கே இன்னொன்றையும் சொல்ல வேண்டும். மழை பெய்தால் மலையைப் பார்த்துக்கொண்டிருக்கும் பிள்ளைகள் இவ்வூரில் உண்டு. 2014இல் கண்டதை மறவாதவர்கள். 2023 மார்ச்சில் பூனாகலை கபரகலையில் மறுபடி மண் சரிந்தபோது இரவோடிரவாக ஓடியவர்கள். அவர்களுடைய கவனம் சிதறவில்லை, மலையின்மேல் நிலைத்திருக்கிறது. அது அச்சம். அதற்கு வேறு மருந்து.

பெண் பிள்ளைகளைப் பற்றி ஒரு சொல். அவர்களில் பலர் ஓடமாட்டார்கள், குதிக்கமாட்டார்கள். கடைசி வாங்கில் அமைதியாக அமர்ந்து எங்கோ பார்த்துக்கொண்டிருப்பார்கள். தொல்லை தராத பிள்ளையைப் பற்றி எவரும் முறைப்பாடு செய்வதில்லை. மக்குப் பிள்ளை என்று முடிவு கட்டி, சமையலுக்கும் தம்பியைப் பார்ப்பதற்கும் நிறுத்திவிடுகிறோம். பள்ளி மூடிய காலத்தில் இப்படி எத்தனை பிள்ளைகள் நின்றுபோயினர் என்று உங்கள் லயத்தையே எண்ணிப் பாருங்கள்.

பள்ளி மூடியது எல்லாப் பிள்ளைகளையும் தாக்கிற்று. இப்பிள்ளையை ஏன் அதிகமாகத் தாக்கிற்று? உள்ளே ஒழுங்கு பிந்தி வளர்கிறவனுக்கு வெளியே ஒழுங்கு வேண்டும். பள்ளிக்கூடம் அதைக் கொடுத்தது: காலையில் மணி, நாற்பது நிமிடத்துக்கொரு பாடம், அருகில் நின்று புத்தகத்தில் விரல் வைத்துக் காட்டும் ஆசிரியை, இடைவேளையில் ஓட ஒரு மைதானம், சேர்ந்து சாப்பிட ஒரு நேரம். மார்ச் 13இல் இவையெல்லாம் ஒரே நாளில் போயின. அதற்கு மாற்றாக வந்தது என்ன? வாட்ஸ்அப்பில் வரும் ஐம்பது படங்கள்! சாதாரணப் பிள்ளைக்கே கண் சுழலும். தொலைக்காட்சியில் நேத்ரா அலைவரிசை தமிழில் பாடங்களை ஒளிபரப்பிற்று. நல்ல முயற்சி, மறுக்கவில்லை. ஆனால் அசையாமல் உட்கார்ந்து, எவரும் தோளைத் தொட்டுத் திருப்பாமல், அரைமணி நேரம் ஒரு பெட்டியில் வரும் பாடத்தைக் கவனிப்பது இத்தகைய பிள்ளைக்கு மிகக் கடினம்!

அலை கிடைக்காத இடங்களின் கதை வேறு. நமது ஊவாவிலே, லுணுகலைப் பக்கத்தில், மலையுச்சிக் காட்டில் மரத்தின் மேல் கட்டிய பரணில் ஏறிப் பிள்ளைகள் பாடங்களை இறக்கிக்கொண்டதை 2021இல் வெளிநாட்டுச் செய்தியாளர்கள் படமெடுத்து உலகுக்குக் காட்டினர். விடாமுயற்சி என்று உலகம் மெச்சிற்று. நான் அப்படத்தைப் பார்த்தபோது அதில் இல்லாத பிள்ளையை நினைத்தேன். மரத்தில் ஏற அவனுக்கு எவரும் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை. ஏறியபின் பாடத்தில் மனம் வைக்க வைப்பவர் யார்?

2020 ஏப்ரலிலேயே ஐரோப்பிய மருத்துவர் குழுவொன்று இப்பிள்ளைகளுக்காக வழிகாட்டலொன்றை வெளியிட்டது: பெற்றோர் கையாளத்தக்க முறைகளைக் கைக்கொள்க, மருந்து உட்கொள்வோர் அதை நிறுத்தாதிருக்க என்பதாக. நல்ல அறிவுரை. ஆனால் பெற்றோர் பகலில் மலையில் இருக்கும் லயத்துக்கு அதை எப்படிக் கொண்டுவருவது? நான் பல இரவுகள் யோசித்தேன். விடை எனக்கு மருத்துவ நூலில் கிடைக்கவில்லை. நிரை பிடிக்கும் ஒரு தாயிடம் கிடைத்தது.

அந்த அம்மா சொன்னார்: "ஐயா, கங்காணி எங்களுக்கு முழு மலையையும் காட்டி முடி என்று சொல்வதில்லை. நிரை பிரித்துக் கொடுப்பார். என் நிரை எனக்குத் தெரியும். அதை முடித்தால் அடுத்த நிரை. இவனுக்கும் அப்படித்தான் கொடுக்கிறேன்." அத்தாய் எழுத்தறியாதவர். மருத்துவர் எனக்கு அரைமணி நேரம் விளக்கியதை ஒரு மூச்சில் சொல்லிவிட்டார். "போய் வீட்டுப்பாடம் செய்" என்பது முழு மலை. "இந்த மூன்று கணக்கு" என்பது ஒரு நிரை. "வீட்டை ஒழுங்குபண்ணு" என்பது மலை. "செருப்பை இஸ்தோப்பில் வை" என்பது நிரை. ஒரு கட்டளை, அது முடிந்தபின் அடுத்த கட்டளை. தூரத்திலிருந்து கத்தாதீர்கள்; அருகில் போய், தோளைத் தொட்டு, முகத்தைப் பார்த்துச் சொல்லுங்கள்.

அடுத்தது நிறுவை. நீங்கள் பறித்த கொழுந்தை மாதமுடிவில் ஒருதரம் நிறுத்தால் உங்களுக்கு உற்சாகம் இருக்குமா? ஒரே நாளில் பல முறை நிறுக்கிறார்கள். எத்தனை கிலோ என்று அப்போதே தெரிகிறது. (தராசில் கழிக்கிறார்களே என்று முன்னால் ஓர் அம்மா சொல்வது காதில் விழுகிறது. அது வேறு வழக்கு, அம்மா; அதற்கும் வருவேன்.) இப்பிள்ளைக்கும் நிறுவை உடனுக்குடன் வேண்டும். மூன்று கணக்குச் செய்தால் அந்த நிமிடமே "நல்லாச் செய்தாய், ராசா" என்று சொல்லுங்கள். பரீட்சை முடிந்தால் சைக்கிள் வாங்கித் தருகிறேன் என்ற வாக்கு இவனுக்கு எட்டாது. ஆறு மாதம் என்பது இவனுடைய காலக் கணக்கில் இல்லை. பத்து நிமிடம் எழுத்து. பிறகு பீலிவரை ஓடிவரட்டும். மறுபடி பத்து நிமிடம். ஓடுவது இவனுக்குத் தண்டமன்று, மருந்து.

முன்னாளில் தோட்டத்தில் பிரட்டுக்குத் தப்படித்து எழுப்பினார்கள். அடிமைத்தனத்தின் ஓசை என்று நமது எழுத்தாளர் அதைப் பாடினர்; சரிதான். ஆயினும் ஒரு நாளை ஓசையால் வகுக்கலாம் என்பதை அந்தத் தப்பிலிருந்து நாம் எடுத்துக்கொள்ளலாம். மணி பார்க்கத் தெரியாத பாட்டிகூடத் தகரத்தில் தட்டலாம்: இது சாப்பாடு, இது எழுத்து, இது விளையாட்டு, இது உறக்கம். ஒவ்வொரு நாளும் அதே வரிசை. உறங்குமுன் ஒரு மணி நேரம் கைத்தொலைபேசி தகப்பனின் சட்டைப் பையில் இருக்கட்டும்.

இனிக் கம்பைப் பற்றி. அடித்து வளர்த்ததால்தான் நான் மனிதனானேன் என்று சொல்லும் பெரியவர்கள் இருக்கிறார்கள். அவர்களோடு எனக்குப் பிணக்கில்லை. அடித்தும் மனிதரானார்கள் என்பது என் வாதம்! கவனம் வழுவிப்போனதற்கு அடித்தால் பிள்ளை கற்பது அச்சமும் பொய்யும். பள்ளியில் கம்பு எடுப்பதைக் கல்வியமைச்சின் சுற்றறிக்கைகள் 2005இலும் 2016இலும் விலக்கின. 2021 பெப்ரவரி 12ஆம் நாள் உயர் நீதிமன்றம் ஒரு தீர்ப்பளித்தது. ஆசிரியர் ஒருவர் கன்னத்தில் அறைந்ததால் செவிப்புலன் கெட்ட மாணவனின் வழக்கு அது. அரசியலமைப்பின் 11ஆம் உறுப்புரை எந்த மனிதனும் கொடூரமாகவோ இழிவாகவோ நடத்தப்படலாகாது என்கிறது. அவ்வுரிமை மீறப்பட்டது என்று மன்றம் கண்டது. ஆசிரியர் 1,50,000 ரூபாயும் அரசு 5,00,000 ரூபாயும் செலுத்த வேண்டும் என்று கட்டளையிட்டது. ஆசிரிய நண்பர்களைப் பயமுறுத்த இதைச் சொல்லவில்லை. நாற்பது பிள்ளைகளை ஒருவராக வைத்துக்கொண்டு அவர்கள் படும் பாடு எனக்குத் தெரியும். பயிற்சி கொடாமல், துணையாள் கொடாமல், கம்பை மட்டும் பிடுங்கிக்கொண்ட அமைச்சையும் நான் விட்டுவிடப் போவதில்லை.

சட்டத்துக்கு வந்துவிட்டோம், என் தொழிலையும் சற்றுச் செய்துவிடுகிறேன். 2022இல் ஒரு தாய் என்னிடம் வந்தார். பள்ளி திறந்தபின் மகனைக் கூட்டிப்போனபோது, "இவனால் மற்றப் பிள்ளைகள் கெடுகிறார்கள், இவனை வேறெங்காவது பாருங்கள்" என்றார்களாம். பள்ளியின் பெயர் வேண்டாம்; அது எந்தப் பள்ளியாகவும் இருக்கலாம். அடுத்த கிழமை கொழும்புக் கடையொன்றுக்கு அனுப்ப மாமன் ஏற்பாடு செய்துவிட்டார். பையனுக்குப் பதின்மூன்று வயது. நான் வழக்குப் போடவில்லை. ஒரு கடிதந்தான் எழுதினேன். அதில் மூன்று செய்திகள். ஒன்று, 2016 முதல் இந்நாட்டில் 5 வயது தொடங்கி 16 வயதுவரை கல்வி கட்டாயம். இரண்டு, வேலைக்கு அமர்த்தும் குறைந்த வயதும் 2021இல் 16 ஆக உயர்த்தப்பட்டுவிட்டது. மூன்று, 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம், இயலாமையைக் காரணங்காட்டிக் கல்வி நிலையத்தில் அனுமதி மறுத்துப் பாகுபாடு செய்தலைத் தடுக்கிறது. பத்து நாளில் பையன் வகுப்பில் இருந்தான். முன்வரிசையில், ஆசிரியையின் மேசையருகில் அமர்த்தினார்கள். அந்த இடமாற்றம் ஒன்றே பாதி மருந்து என்று பின்னர் அந்த ஆசிரியையே சொன்னார்.

1948இல் ஒரு சட்டத்தால் நமது குடியுரிமையைப் பறித்தார்கள். அதனால் சட்டம் என்றால் நம்மவருக்கு எப்போதும் ஓர் அச்சம். இருக்கும் சட்டத்தை எடுத்துப் பயன்படுத்தவும் நாம் பழக வேண்டும்.

நமது கோரிக்கை என்ன? இங்கேதான் நிர்வாகத்தார் செவிசாய்க்க வேண்டுகிறேன். இப்பிள்ளையை மருத்துவரிடம் காட்டவேண்டுமானால் தாய் தியத்தலாவைக்கோ பதுளைப் பெரியாஸ்பத்திரிக்கோ போக வேண்டும். பண்டாரவளைக்கு ஒரு பஸ்; அங்கிருந்து பதுளைக்கு மற்றொரு பஸ். அன்றைய பேர் போயிற்று! ஒரு முறை போனால் போதாது. திரும்பத் திரும்ப வரச்சொல்வார்கள். பேர் போகுமென்று மூன்றாந் தடவை தாய் போகமாட்டாள். பிள்ளை அப்படியே விடப்படும். ஆகவே, பிள்ளையை மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லும் நாளுக்கு, மருத்துவச் சீட்டைக் காட்டினால் தாய்க்கோ தகப்பனுக்கோ அரைப்பேராவது போடவேண்டும். அடுத்த கூட்டு ஒப்பந்தப் பேச்சில் இதை ஒரு வாசகமாக எழுதும்படி எல்லாச் சங்கத்தாரையும், எந்தக் கொடியாயினும் சரி, கேட்டுக்கொள்கிறேன். ஒரு கம்பனிக்கு இதனால் ஆகும் செலவு துரையின் பங்களாப் பூந்தோட்டச் செலவுக்கு ஈடாகுமா?

மற்றொன்று மொழி. தாயிடம் கேட்கும் கேள்விகளைக்கொண்டே இக்கோளாறு பெரும்பாலும் அறியப்படுகிறது. இரத்தப் பரிசோதனையால் அன்று. தாய்க்குப் புரியாத மொழியில் கேட்டால் என்ன விடை வரும்? தமிழும் அரசகரும மொழி என்று 1987இல் அரசியலமைப்பில் எழுதினார்கள். அவ்வெழுத்து மருத்துவமனை வாசலைத் தாண்டி, கேள்வித் தாளிலே வரட்டும். பள்ளியில் நடக்கும் மருத்துவப் பரிசோதனையில் பல்லையும் நிறையையும் பார்ப்பதோடு நில்லாமல், வகுப்பாசிரியரிடம் "அமரமாட்டாத பிள்ளை யார்? கனவு காணும் பிள்ளை யார்?" என்று இரு கேள்விகள் தமிழில் கேட்கட்டும்.

படித்த நண்பர்களுக்கும் ஒரு வார்த்தை. மருத்துவர், ஆசிரியர், கணக்காளர், எந்திரவியலாளர் என நம்மவர் பலர் இன்று பதுளையிலும் கொழும்பிலும் கடல் கடந்தும் இருக்கிறார்கள். "எங்கள் காலத்தில் இந்த நோயெல்லாம் இருந்ததா?" என்று அவர்களில் சிலர் கேட்கிறார்கள். இருந்தது, ஐயா. உங்களோடு முதலாம் வகுப்பில் இருந்து, ஐந்தாம் வகுப்பில் இல்லாமற்போன பிள்ளைகளை நினைத்துப் பாருங்கள். அவர்களுக்கு அப்போது பெயர் இருக்கவில்லை, மலைக்குப் போய்விட்டார்கள்.

பள்ளிகள் இனி மூடமாட்டா என்று எவரும் எண்ணவேண்டாம். 2025 நவம்பர் இறுதியில் தித்வாப் புயல் வந்தது. ஊவாவில் மலைகள் சரிந்தன. பள்ளிகளும் மீண்டும் மூடின. ஆகவே அடுத்த முறை பூட்டும்போது, ஒவ்வொரு லயத்திலும் இத்தகைய பிள்ளை யார் என்று ஆசிரியருக்கும் தோட்டத்துக் குடும்பநல உத்தியோகத்தருக்கும் முன்னரே தெரிந்திருக்க வேண்டும். படித்த இளைஞர் ஒருவர், நாளுக்கு அரைமணி நேரம், முகத்தோடு முகம் பார்த்து, இஸ்தோப்பில் அமர்ந்து சொல்லிக் கொடுக்க வேண்டும். அதற்குப் பணம் வேண்டியதில்லை; பெயர்ப்பட்டியல் வேண்டும்.

அந்தப் பட்டியலை இன்றே தொடங்குவோம். வாசலருகே மேசை போட்டு இரண்டு ஆசிரியைகள் அமர்ந்திருக்கிறார்கள். பிள்ளையின் வயது, வகுப்பு, நீங்கள் கவனித்தது என்ன, இவற்றைச் சொன்னால் அவர்கள் எழுதிக்கொள்வார்கள். எழுதத் தெரியவில்லையே என்று எந்தத் தாயும் கூச வேண்டாம். வெளியே சொல்லமாட்டோம். அடுத்த வாரம் பதுளை ஆஸ்பத்திரிக்குப் போகும் முதல் வானில் பத்துப் பேருக்கு இடமுண்டு. என் மகனும் அன்று மருந்துக்கு வருகிறான், அவனுக்கு ஒரு ஜன்னலோர ஆசனம் விட்டுவைக்க வேண்டும். மழை இறங்குகிறது. பூனாகலைப் பக்கம் போகிற தாய்மார் முதலில் பதிந்துவிட்டுக் கடைசிப் பஸ்ஸுக்குப் புறப்படுங்கள். மற்றவர்கள் சற்றுப் பொறுத்து வரிசையில் வரலாம்.